காற்பந்துக் கோப்பைப் போட்டி: அமைப்பும் அறமும்

நெய்தல் நிலத்து மக்களுக்கு மணற்பரப்பே முதல் ஆடுகளம். காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் இளையோர் சுற்றத்தோடு கூடி, ஒருவரோடொருவர் மோதிப் பின்வாங்காது விளையாடிய காட்சியைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. அக்கரையின் தென்பால் தொடர்ச்சியாகவே காரைக்கால் மாவட்டத்து மண்டபத்தூர்க் கடற்கரை அமைந்துள்ளது. இன்று இக்கரையோர ஊர்களின் மணலில் மாலைதோறும் பந்து உருள்கிறது. கோடை விடுமுறை வந்துவிட்டால் ஊருக்கு ஊர் சுவரொட்டிகள் தோன்றுகின்றன. சுழற்கோப்பை, முதற்பரிசு, நுழைவுக் கட்டணம் ஆகிய சொற்களோடு ‘நாக்-அவுட் முறை’ என்னும் தொடரும் அவற்றில் தவறாது இடம்பெறும்.

நம் மாணவர் நாவில் நாளும் வழங்கும் அத்தொடரின் பொருள் யாது? ஒரு நாடு முழுமைக்கும் உரிய கோப்பைப் போட்டி அம்முறையில் எவ்வாறு நடைபெறுகிறது? நம் நாட்டில் அது எவ்வாறு வளர்ந்து வந்துள்ளது? அதன் சிறப்பு எதில் அடங்கியுள்ளது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லீக்கும் கோப்பையும்

காற்பந்துப் போட்டிகளைப் பெரும்பான்மையும் இரு வகையுள் அடக்கலாம். முதலாவது லீக் முறை. இதில் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகள் அனைத்தோடும் ஆடும். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி எனக் கணக்கிட்டு, இறுதியில் மிகுதியான புள்ளி பெற்ற அணி வாகை சூடும். ஒருநாள் தோற்றாலும் மறுவாரம் ஈடுசெய்து கொள்ளலாம். ஆண்டு முழுவதும் சீராக ஆடும் வலிமையும், காயமுற்றோர்க்கு மாற்றாக இறக்க ஆட்டக்காரர் பலரும், அதற்கேற்ற பொருள்வளமும் உடைய அணியே பெரும்பாலும் லீக்கில் முதலிடம் பெறும்.

இரண்டாவது கோப்பை முறை. வெளியேற்று முறை என்று இதனைத் தமிழில் கூறலாம். இதன் விதி ஒன்றே: தோற்றவர் வெளியேற வேண்டும். இவ்வொரு விதியிலிருந்தே கோப்பைப் போட்டியின் எல்லா இயல்புகளும் பிறக்கின்றன.

உலகின் முதல் தேசியக் காற்பந்துக் கோப்பை இங்கிலாந்தில் 1871ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. எஃப்.ஏ. கோப்பை எனப்படும் அதனை முன்மொழிந்தவர் சார்லஸ் ஆல்காக் என்பார். ஹாரோ பள்ளியில் மாணவர் விடுதிகளுக்கிடையே நடந்துவந்த போட்டியே அவருக்கு முன்மாதிரியாயிற்று. முதலாண்டில் பெயர் கொடுத்தவை 15 அணிகள் மட்டுமே. 1872 மார்ச் 16 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் வாண்டரர்ஸ் அணி ராயல் எஞ்சினியர்ஸ் அணியை ஒரு கோலால் வென்றது. ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஏற்பாடு உலகெங்கும் பரவிய வரலாறு கல்வி நிலையத்தார் மகிழத்தக்கதேயாகும்.

எண்ணிக்கைக் கணக்கு

கோப்பைப் போட்டியில் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும்? விடை எளிது. கலந்துகொள்ளும் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தால் போதும். ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. இறுதியில் ஒரே ஓர் அணி தோல்வியுறாது நிற்கிறது. ஆகவே 16 அணிகளுக்கு 15 ஆட்டங்கள். 100 அணிகளுக்கு 99 ஆட்டங்கள்.

அணிகள் 8, 16, 32, 64 என இரட்டித்துச் செல்லும் எண்ணிக்கையில் இருந்தால் சுற்றுகள் ஒழுங்காக அமையும். 16 பேர் எட்டாகி, எட்டு நான்காகி, நான்கு இரண்டாகும். எட்டு அணிகள் மோதுவது காலிறுதி. நான்கு மோதுவது அரையிறுதி. எஞ்சிய இரண்டு மோதுவது இறுதி. ஆயின் நடைமுறையில் அணிகள் இவ்வாறு கணக்குப் பார்த்து வருவதில்லை. மண்டபத்தூரில் ஒரு போட்டிக்கு 23 அணிகள் பெயர் கொடுத்துள்ளன என்று வைத்துக்கொள்வோம். 23க்கு அடுத்துள்ள இரட்டிப்பு எண் 32. 32இலிருந்து 23ஐக் கழிக்க 9 வரும். இவ்வொன்பது அணிகள் முதற்சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும். இதனையே ‘பை’ என்கிறோம். எஞ்சிய 14 அணிகள் ஏழு ஆட்டங்களில் மோத, வென்ற ஏழும் ‘பை’ பெற்ற ஒன்பதும் சேர்ந்து 16 ஆகும். அதன்பின் கணக்கு நேராகிவிடும். மொத்த ஆட்டங்கள் 22.

இக்கணக்கு நாட்டளவிலும் அவ்வாறே பொருந்துகிறது. 2018இல் நடந்த முதல் சூப்பர் கோப்பையில் 20 அணிகள் பங்குகொண்டன. 12 அணிகள் நேரடியாக முதன்மைச் சுற்றில் இடம்பெற்றன. எட்டு அணிகள் நான்கு தகுதி ஆட்டங்களில் மோதின. பின்னர் 16 அணிகளுக்கு எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என ஆட்டங்கள் நடந்தன. கூட்டிப் பார்த்தால் 19 வரும்.

இக்கணக்கில் மறைந்துள்ள ஒரு நுட்பத்தையும் கருதவேண்டும். அணிகளின் எண்ணிக்கை இருமடங்கானால் கூடுவது ஒரே ஒரு சுற்றுதான். 16 அணிகளுக்கு நான்கு சுற்றுகள் வேண்டும். 4,096 அணிகள் வந்தாலும் 12 சுற்றுகளே போதும். எத்துணைப் பெரிய நாட்டையும் ஒரே போட்டிக்குள் அடக்கவல்ல ஆற்றல் இம்முறைக்கு உண்டு என்பதனை இங்கு மனத்திற் கொள்வோமாக.

குலுக்கலும் தீர்ப்பும்

எவரோடு எவர் மோதுவது என்பதனைக் குலுக்கல் முடிவு செய்கிறது. வலிய அணிகள் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று மோதி வெளியேறாமல் இருக்கும் பொருட்டு, அவற்றைத் தரவரிசைப்படுத்தி வெவ்வேறு பகுதிகளில் அமைப்பதும் உண்டு. இங்கிலாந்துக் கோப்பையில் அவ்வாறு பிரித்து வைக்கும் வழக்கம் இல்லை. குண்டு விழுந்தபடியே ஆட்டம் அமையும். எம்முறையைக் கையாண்டாலும் குலுக்கல் பலரறியப் பொதுவில் நடைபெற வேண்டும். குலுக்கலில் ஐயம் தோன்றிவிட்டால் பின்னர் வரும் எந்த வெற்றியும் முழுமை பெறாது.

ஓர் அணி வராமற்போனால் அல்லது விலகிக்கொண்டால் எதிரணிக்கு ஆடாமலே வெற்றி கிட்டும். 2025 ஏப்ரலில் புவனேசுவரத்தில் தொடங்கிய சூப்பர் கோப்பையில் ஓர் அணி விலகியமையால் மோகன் பகான் அணி முதற்சுற்றில் ஆடாமலே காலிறுதிக்குச் சென்றது.

கோப்பை ஆட்டத்தில் சமநிலைக்கு இடமில்லை. ஒருவர் வெளியேறியே ஆகவேண்டும். தொண்ணூறு நிமிட ஆட்டம் சமநிலையில் முடிந்தால் முற்காலத்தில் வேறொரு நாளில் மறு ஆட்டம் நடத்தினர். பிற்காலத்தில் பதினைந்து நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாகக் கூடுதல் நேரம் வழங்கும் முறையும், அதன் பின்னும் சமநிலை நீடித்தால் பெனால்டி உதைகளால் முடிவு காணும் முறையும் நிலைபெற்றன. பெனால்டி முறை 1970இல் ஆட்டவிதிகளுள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அணிக்கு ஐந்து உதைகள். அதிலும் சமநிலையானால் ஒன்றுக்கு ஒன்று எனத் தொடரும். 2024 சனவரியில் நடந்த சூப்பர் கோப்பை இறுதியாட்டம் கூடுதல் நேரத்தில் முடிவுற்றது; கிழக்கு வங்காள அணி ஒடிசாவை 3–2 என வென்றது. அதே ஆண்டு ஆகத்துத் திங்களில் டூரண்டு கோப்பை இறுதியாட்டம் 2–2 என முடிய, வடகிழக்கு யுனைடெட் அணி பெனால்டி உதைகளில் 4–3 என மோகன் பகானை வென்றது. முடிவு காண இயலாது கோப்பையை இரு அணிகளும் பகிர்ந்துகொண்ட காலமும் உண்டு. 1978ஆம் ஆண்டுக் கூட்டமைப்புக் கோப்பையை மோகன் பகானும் கிழக்கு வங்காள அணியும் அவ்வாறே இணைந்து பெற்றன.

இந்நாளில் பல கோப்பைப் போட்டிகள் கலப்பு முறையில் நடைபெறுகின்றன. முதலில் அணிகளைப் பிரிவுகளாக்கிச் சிறு லீக் நடத்தி, அதன்பின் வெளியேற்றுச் சுற்றுகளை வைக்கின்றனர். 2024 சூப்பர் கோப்பையில் 16 அணிகள் நான்கு பிரிவுகளாக ஆட, பிரிவுக்கு ஒன்றாக நான்கு அணிகள் அரையிறுதிக்கு வந்தன. நெடுந்தொலைவு பயணம் செய்து வரும் அணி ஒரே ஆட்டத்தோடு திரும்ப வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. ஒவ்வோர் ஆட்டமும் வாழ்வா சாவா என்னும் துடிப்பு குறைவது இதன் இழப்பு.

இந்தியக் கோப்பைகளின் வரலாறு

இந்தியாவின் மிகப் பழைய கோப்பை டூரண்டு கோப்பை. ஆங்கில அரசின் வெளியுறவுச் செயலராக இருந்த மார்ட்டிமர் டூரண்டு என்பார் 1888இல் சிம்லாவில் இதனைத் தொடங்கினார். பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை 1891இலும், கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயம் 1893இலும் தோன்றின. தொடக்கத்தில் இவை ஆங்கிலப் படைப்பிரிவுகளின் பொழுதுபோக்கே. கோப்பைகளும் அவர்கள் கையிலேயே இருந்தன.

அந்நிலையை மாற்றியது வெளியேற்று முறையே என்பது நம் கருத்து. 1911 சூலை 29 அன்று மோகன் பகான் அணியினர், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை 2–1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அக்கோப்பையை வென்ற முதல் இந்திய அணி அதுவே. அடுத்த ஆண்டும் அதனைத் தக்கவைத்துக்கொண்டது. 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கில் வாகை சூடிய முகமதன் ஸ்போர்ட்டிங் அணி, 1940 டிசம்பரில் தில்லியில் ராயல் வார்விக்‌ஷயர் படையணியை 2–1 என வென்று டூரண்டு கோப்பையை ஏந்தியது. கோப்பை தோன்றி 52 ஆண்டுகளுக்குப் பின்னரே ஓர் இந்திய அணியின் பெயர் அதில் பொறிக்கப்பெற்றது. ஆட்சி அதிகாரம் எவர் கையில் இருந்தாலும், பந்து உருளும் தொண்ணூறு நிமிடங்களில் இரு பக்கமும் பதினொருவரே என்னும் உண்மையை அவ்வெற்றிகள் நாட்டுக்கு உணர்த்தின.

விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டின் பெயரும் இவ்வரலாற்றில் இடம்பெற்றது. நீலகிரியில் வெலிங்டனில் அமைந்த மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணி 1955இலும் 1958இலும் டூரண்டு கோப்பையை வென்றது. பின்னாளில் இந்தியாவின் புகழ்பெற்ற கோல்காப்பாளராக விளங்கிய பீட்டர் தங்கராஜ் அவ்வணியில் ஆடியவர்.

டூரண்டு, ரோவர்ஸ், கேடயம் ஆகிய மூன்றும் அழைப்பின் பேரில் அணிகள் ஆடியவை. அகில இந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பே நடத்தும் தேசியக் கோப்பையாக 1977இல் கூட்டமைப்புக் கோப்பை தொடங்கியது. முதலாண்டில் பெங்களூர் ஐ.டி.ஐ. அணி மோகன் பகானை வென்றது. ஒரு தொழிற்சாலை அணி பெருஞ்சங்கத்தை வீழ்த்தியமை கோப்பையின் இயல்புக்குப் பொருத்தமான தொடக்கமேயாகும். 1983–84, 1984–85 ஆகிய இரு பருவங்களிலும் முகமதன் ஸ்போர்ட்டிங் இதனைப் பெற்றது. 2017இல் கூட்டமைப்புக் கோப்பை முடிவுற்று, 2018இல் சூப்பர் கோப்பை அதன் இடத்தைப் பெற்றது. 2019இல் சென்னை சிட்டி, சென்னையின் எஃப்.சி. ஆகிய இரண்டும் அரையிறுதிக்கு வந்தன. சென்னை சிட்டி காலிறுதியில் முதலாண்டு வாகையரான பெங்களூரு அணியை 2–1 என வீழ்த்தியது, சென்னையின் எஃப்.சி. இறுதியில் கோவா அணியிடம் 1–2 எனத் தோற்றது.

சூப்பர் கோப்பையை வெல்வோர்க்கு ஆசிய அரங்கின் வாயிலும் திறக்கிறது. 2025 மே மாதம் சம்செட்பூரை 3–0 என வென்ற கோவா அணி, ஓமான் நாட்டு அல் சீப் அணியையும் தகுதி ஆட்டத்தில் வென்று, சவூதி அரேபியாவின் அல் நஸ்ர் அணியோடு தன் சொந்த மண்ணில் ஆடும் பேறு பெற்றது.

வாயில் எத்துணை அகலம்?

இனி, நம் வினாவின் உள்ளீட்டுக்கு வருவோம். ஒரு கோப்பையின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? பரிசுத்தொகையைக் கொண்டா? வெள்ளியின் எடையைக் கொண்டா? அதன் வாயிலின் அகலத்தைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது நம் துணிபு.

பிரெஞ்சுக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு இணையும் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் இவ்வெடுத்துக்காட்டு நமக்கு அண்மையது. முதல் உலகப்போரில் 1915இல் உயிர்நீத்த சார்லஸ் சீமோன் என்னும் விளையாட்டு அமைப்பாளரின் நினைவாக, 1917–18 பருவத்தில் 48 அணிகளோடு அது தொடங்கியது. இன்று 7,000க்கும் மேற்பட்ட சங்கங்கள் அதில் பெயர் கொடுக்கின்றன. தொடக்கச் சுற்றுகளை அந்தந்த வட்டாரமே நடத்திக்கொள்ளும். பெரிய அணிகள் பிந்திய சுற்றுகளில்தான் வந்து சேரும். தன்னினும் இரண்டு நிலை மேலான அணியோடு மோத நேரும் சிற்றணிக்குச் சொந்தத் திடலில் ஆடும் உரிமை வழங்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் கலே என்னும் துறைமுக நகரத்து நான்காம் நிலை அணி, நாட்டின் நடப்பு வாகையரான பொர்தோவை அரையிறுதியில் வென்று இறுதிக்கு வந்தது. நாந்த் அணியிடம் 1–2 எனத் தோற்றாலும் அதன் புகழ் இன்றும் மங்கவில்லை.

கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளின் அணிகளுக்கும் அக்கோப்பையில் இடமுண்டு. ரியூனியன் தீவின் சான்-பியர் நகரத்து அணி, ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் கடந்து சென்று, 2020 சனவரியில் இரண்டாம் நிலையிலிருந்த நியோர் அணியை 2–1 என வென்று கடைசி 32 அணிகளுள் ஒன்றாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்கால் துறையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்தம் வழித்தோன்றல்கள் வாழும் தீவு அது. கப்பலேறிய ஊரின் அணிக்கு இல்லாத வழி, கப்பல் சென்றடைந்த தீவின் அணிக்கு இருக்கிறது.

ஆம், நம் நாட்டில் அவ்வழி இல்லை. சூப்பர் கோப்பை உயர்நிலை லீக் அணிகளுக்கும் அதற்கு அடுத்த நிலையின் சில அணிகளுக்கும் உரியதாக அமைந்துள்ளது. டூரண்டு கோப்பை அழைப்பால் அமைவது. மண்டபத்தூர் இளைஞன் ஒருவன் திறமை காட்டினால், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில் புதுச்சேரிக்காக ஆடலாம். அது தனி ஒருவனுக்குத் திறக்கும் வாயில். ஊரின் பெயரைச் சட்டையில் தாங்கிய ஓர் அணி, ஆட்டத்திற்கு ஆட்டம் வென்று, தேசியக் கோப்பையின் இறுதிவரை செல்லக்கூடிய படிக்கட்டு இல்லை. லீக் ஏணியில் பல்லாண்டு ஏறிய பின்னரே அது கைகூடும்.

நாட்டின் பரப்பு, பயணச்செலவு, கால அட்டவணை முதலியன தடைகளாகக் காட்டப்படும். அவை பொய்யல்ல. எனினும் முன்னர்க் கண்ட கணக்கை நினைவுகூர்வோம். மாவட்டத்தளவில் சில சுற்றுகள், மாநிலத்தளவில் சில சுற்றுகள், மண்டலத்தளவில் ஓரிரு சுற்றுகள் என அமைத்தால், தொடக்கத்தில் எந்த அணியும் பேருந்துத் தொலைவுக்கு மேல் செல்ல வேண்டியதில்லை. வாயிலைத் திறந்தால் சிற்றணிகள் என்ன செய்யும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2022இல் தோன்றிய டயமண்டு ஹார்பர் அணி, அழைப்புப் பெற்று முதன்முறையாக ஆடிய 2025 டூரண்டு கோப்பையில் கிழக்கு வங்காள அணியை வீழ்த்தி இறுதிக்கே வந்தது. இறுதியில் 1–6 எனத் தோற்றது. வந்த தொலைவை அத்தோல்வி அழித்துவிடவில்லை.

வெற்றியும் தோல்வியும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ‘அள்பா’ என்னும் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதனை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதனையும் ஒருநாள் தாழச் செய்வது இறைவனின் நியதி என்னும் கருத்தை அண்ணலார் அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இந்நிகழ்ச்சி நம் பெரியோர் அறிந்ததே. தம் ஒட்டகமே முந்தப்பட்டபோதும் அதனை இயல்பாக ஏற்ற அப்பண்பே விளையாட்டின் உயர்ந்த அறம். போட்டியில் பங்குகொள்ளும் அனைவருள்ளும் ஒருவரைத் தவிர மற்றெல்லோரும் தோற்றே தீரவேண்டும் என்பது கோப்பையின் கணக்கு. ஆகவே கோப்பைப் போட்டி நம் இளைஞர்க்கு வெற்றியைக் காட்டிலும் தோல்வியை ஏற்கவே மிகுதியும் கற்பிக்கிறது.

நாட்டளவிலான வாயிலைத் திறப்பது நம் கையில் இல்லை. ஊரளவிலான வாயில் நம் கையில் உள்ளது. போட்டி நடத்தும் சங்கத்தாரும், அதற்குத் துணைநிற்கும் ஜமாஅத், ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியோரும் சிலவற்றைக் கருதவேண்டும் என விழைகிறோம். நுழைவுக் கட்டணம் ஏழை அணியைத் தடுக்கும் அளவினதாக இருத்தலாகாது. மீனவக் குப்பத்து அணி, விவசாயத் தெருவின் அணி, பள்ளிவாசல் தெருவின் அணி என்னும் வேற்றுமை குலுக்கல் சீட்டில் தெரியலாகாது. குலுக்கலை அனைத்து அணித்தலைவர் முன்னிலையிலும் நடத்துதல் வேண்டும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்களில் போட்டியை வைத்தால் கடலுக்குச் செல்லும் இளைஞரும் கலந்துகொள்ள இயலும். மஃரிப் தொழுகைக்கு முன் ஆட்டம் முடியுமாறு நேரம் குறித்தல் எளிது. முதற்சுற்றிலேயே தோற்ற அணிக்கும் ஒரு சான்றிதழும் ஒரு கைகுலுக்கலும் உரியவை.

இவ்வாறு நடைபெறும் ஊர்ப்போட்டி, ஆயிரம் கோப்பைகளுள் ஒன்றாயினும், தேசியக் கோப்பை எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு சிறு மாதிரியாக அமையும். என்றேனும் ஒருநாள் மாவட்டச் சுற்றிலிருந்து நாட்டின் இறுதியாட்டம் வரை நீளும் படிக்கட்டு நம் நாட்டிலும் அமையுமாயின், அதன் முதற்படியில் கால்வைக்கக் கரையோர ஊர்களின் அணிகள் அணியமாக இருத்தல் வேண்டும். அதற்கு வல்ல இறைவன் துணைபுரிவானாக!